சுகர் இருக்கிற பிள்ளைக்குப் படிப்பு வருமா? ஒரு கேள்வியின் நூறு வருடம்

போன வருடம் ஜூனில், பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, அக்கா போன் பண்ணினாள். அவள் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். நாலு வயதில் கண்டுபிடித்தது, இப்போது ஏழாம் வகுப்பு. புதிதாக வந்த வகுப்பாசிரியை, கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார்: "இந்த வியாதி மூளையையும் கொஞ்சம் பாதிக்குமாம்மா. ரொம்ப மார்க் எதிர்பார்த்துப் பிள்ளையைப் போட்டு வருத்தாதீங்க."

அக்கா அழவில்லை. "நெசமாடா? நீதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பியே, பார்த்துச் சொல்லு" என்றாள்.

நான் டாக்டர் இல்லை. பிழைப்புக்கு சாஃப்ட்வேர், பொழுதுபோக்குக்குப் பழைய ஆய்வுக்கட்டுரைகள். ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஆறு மாதம் இழுத்துவிட்டது. காரணம் எளிது. இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்றும் பதில் இருக்கிறது, "இல்லை" என்றும் இருக்கிறது, "மற்ற பிள்ளைகளைவிட இவர்கள் புத்திசாலிகள்" என்றுகூட ஒரு காலத்தில் எழுதியிருக்கிறார்கள். நோய் ஒன்றுதான். அப்புறம் எப்படி மூன்று பதில் வரும்? அதைத் தேடிப் போன கதைதான் இது.

முதலில் ஒரு விளக்கம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் டைப் 2. உடம்பில் இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. டைப் 1 வேறு ரகம். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களை உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ வரும். இனிப்பு தின்றதால் வருவதில்லை, பெற்றோர் செய்த தப்பால் வருவதும் இல்லை. ஊசி மூலமோ பம்ப் மூலமோ வெளியிலிருந்து இன்சுலின் போயே ஆகவேண்டும், ஆயுள் முழுக்க. ஒரு நாள்கூட லீவு கிடையாது.

1922-க்கு முன்னால் இந்தக் கேள்வியே எழவில்லை. டைப் 1 வந்த குழந்தை பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் இறந்துவிடும். படிப்பைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அந்த நாளில் இருந்த ஒரே வைத்தியம், அமெரிக்க டாக்டர் ஃபிரெடரிக் ஆலன் பரப்பிய பட்டினி வைத்தியம். சாப்பாட்டைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாது, குழந்தை இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும். எலும்பும் தோலுமாக.

இந்த வைத்தியத்தில் இருந்தவர்களில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட ஒருத்தி எலிசபெத் ஹியூஸ். அப்பா சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், அப்போது அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். எலிசபெத்துக்கு நோய் தெரிந்தது 1919-இல், 11 வயதில். மூன்று வருடம் பட்டினியில் தாக்குப்பிடித்தாள். 1922 ஆகஸ்டில் அவளை டொரன்டோவுக்குக் கூட்டிப்போகும்போது எடை 45 பவுண்டு. நம் கணக்கில் 20 கிலோ. வயது 15 ஆகப் போகிறது.

அந்த வருடம் ஜனவரி 11-ஆம் தேதி டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டிருந்தார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. ஜேம்ஸ் காலிப் மேலும் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை 23-ஆம் தேதி போட்டபோது பையன் பிழைத்தான். ஆகஸ்டில் ஃபிரெடரிக் பேன்டிங் எலிசபெத்தைத் தன் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டார். டொரன்டோவிலிருந்து அவள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. உடம்பு இருபது கிலோ, ஆனால் கடிதம் எழுதும் பெண்ணிடம் எந்த மந்தமும் இல்லை. பின்னாளில் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் சேர்ந்து 1929-இல் பட்டம் வாங்கினாள். கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, 1981-இல் 73 வயதில் இறந்தாள். வாழ்நாளில் போட்டுக்கொண்ட ஊசிகள் ஏறத்தாழ 42,000.

இந்தக் கதையில் என்னை உறுத்தியது வேறொன்று. எலிசபெத் தன் நோயைக் கடைசிவரை ஊருக்கு மறைத்தார். அப்பாவின் வாழ்க்கைக் குறிப்புகளில் தன் சர்க்கரை நோய் பற்றி இருந்த இடங்களைக்கூட நீக்கப் பார்த்திருக்கிறார். உலகத்தின் முதல் இன்சுலின் குழந்தைகளில் ஒருவர், பட்டதாரி, பெரிய இடத்துப் பெண், அவருக்கே இந்தப் பயம். நம் ஊரில் "பொம்பளப் பிள்ளை, வெளியில சொல்லாதீங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்வதை நினைத்துக்கொண்டேன்.

சரி, மூளை விஷயத்துக்கு வருவோம்.

நான் பார்த்தவரை இதில் முதல் ஆய்வு 1922-இலேயே வந்துவிட்டது. பாஸ்டனில் வால்டர் மைல்ஸ் என்ற உளவியலாளரும் ஹோவர்ட் ரூட் என்ற டாக்டரும் செய்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு நினைவாற்றல், கவனம் சம்பந்தப்பட்ட சோதனைகள் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட இவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ஆக முதல் பதில், "ஆமாம், பாதிக்கிறது". ஆனால் அது இன்சுலின் இன்னும் பரவலாகாத காலம். ரத்தத்தில் எக்கச்சக்கமான சர்க்கரையோடும் அரைப்பட்டினியோடும் இருந்தவர்கள் அவர்கள். மூளை மட்டும் எப்படித் துள்ளிக்குதிக்கும்?

பத்து வருடத்துக்குள் பதில் தலைகீழானது. பாஸ்டனில் எலியட் ஜாஸ்லினின் மருத்துவமனை சர்க்கரை நோய்க்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. அங்கே 1924-இல் சேர்ந்த பிரிசில்லா ஒயிட் குழந்தைகள் பிரிவைக் கவனித்தார். அவர் பார்த்த குழந்தைகள் வயதுக்கு மீறிய அறிவோடு இருப்பதாக அவருக்குத் தோன்றியது. 1930-களில் வந்த வேறு சில ஆய்வுகளும் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளின் ஐக்யூ சராசரியைவிட அதிகம் என்றன. இந்த நோய்க்கும் புத்திக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்றுகூட நம்பினார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1930-களில் ஒரு குழந்தை ஜாஸ்லினிடம் போய்ச் சேர என்னென்ன வேண்டும்? நோயைக் கண்டுபிடிக்கும் டாக்டர் பக்கத்தில் இருக்கவேண்டும். பாஸ்டன் வரை கூட்டிப்போகக் காசு வேண்டும். தினமும் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, ஊசியைக் கல்லில் தீட்டி, உணவை கிராம் கணக்கில் நிறுத்துப் போட, படித்த, பொறுமையான அம்மா வேண்டும். இத்தனையும் அமைந்த வீட்டில் பிறந்த பிள்ளை, நோய் இல்லாவிட்டாலும் சராசரியைவிட நன்றாகத்தான் படித்திருக்கும். அப்படி அமையாத வீட்டுப் பிள்ளைகள் சோதனை மேஜை வரை வரவே இல்லை. எங்கள் தொழிலில் இதை நாள்தோறும் பார்க்கிறோம். ஆப் வேலைசெய்யாத வாடிக்கையாளர் ஆப்புக்குள் வந்து புகார் எழுத முடியாது. கையில் இருக்கும் தரவில் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

இந்த ஓட்டையை அடைத்தவர்கள் 1961-இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் எழுதிய மார்வின் ஆக் குழுவினர். ஊர்ச் சராசரியோடு ஒப்பிடாமல், நோயுள்ள குழந்தையை அதே வீட்டில் பிறந்த, நோயில்லாத உடன்பிறப்போடு ஒப்பிட்டார்கள். ஒரே அப்பா அம்மா, ஒரே வருமானம், ஒரே தெரு. எவ்வளவு எளிய யோசனை! முடிவு இரண்டாகப் பிரிந்தது. ஐந்து வயதுக்கு மேல் நோய் வந்தவர்களுக்கும் அவர்கள் உடன்பிறப்புகளுக்கும் வித்தியாசம் இல்லை. ஐந்து வயதுக்குள் வந்தவர்களின் ஐக்யூ உடன்பிறப்புகளைவிட சராசரியாகச் சுமார் 10 புள்ளி குறைவு.

இதைப் படித்தது ராத்திரி பதினொரு மணி இருக்கும். அக்கா மகளுக்கு நோய் தெரிந்தது நாலு வயதில். லேப்டாப்பை மூடிவிட்டேன். அடுத்த மூன்று வாரம் அக்காவின் போனை எடுக்காமல் தட்டிக்கழித்தேன், "மீட்டிங்ல இருக்கேன்" என்று.

1985-இல் பிட்ஸ்பர்கில் கிறிஸ்டோஃபர் ரயன் குழு வளரிளம் பருவத்தினரை வைத்துச் செய்த ஆய்விலும் அதே கோடுதான் தெரிந்தது. ஐந்து வயதுக்குள் நோய் வந்தவர்கள் பல சோதனைகளில் பின்தங்கினார்கள். ஏன் ஐந்து வயது? அதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. ஐந்து வயதை ஒட்டி, ஓய்வில் இருக்கும் குழந்தையின் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு இது ஐந்தில் ஒரு பங்குதான். அந்தச் சக்தி முக்கியமாக குளுக்கோஸிலிருந்து வருகிறது. கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கும்போது சிமென்ட் வரத்து தாறுமாறானால் என்ன ஆகும், அந்த மாதிரி.

அப்படியானால் குற்றவாளி யார்? அன்றைக்கு எல்லாரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள்: தாழ்சர்க்கரை. இன்சுலின் கூடிப்போய் ரத்தச் சர்க்கரை சட்டென்று விழுவது. வியர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும், முற்றினால் வலிப்பு, மயக்கம். கண்ணுக்குத் தெரியும் ஆபத்து அது. பக்கத்தில் இருந்து பார்த்த எந்தத் தாயும் மறக்கமாட்டாள்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருந்த ஒரே பரிசோதனை சிறுநீர்ப் பரிசோதனை. சோதனைக்குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கொதிக்கவைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று ஏறிக்கொண்டே போகும். எங்கள் தாத்தாவுக்கு வீட்டுக் கொல்லையில் ஸ்பிரிட் விளக்கு வைத்து இதைச் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். இதில் பெரிய குறை ஒன்று உண்டு. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அதற்குக் கீழே எல்லாமே நீலம்தான். 120 என்றாலும் நீலம், 40 என்றாலும் நீலம். அதுவும் காலையில் எழுந்து பார்க்கும் நிறம், ராத்திரி நடந்ததன் மிச்சம். அதாவது, எந்த ஆபத்துக்கு எல்லாரும் பயந்தார்களோ அதைக் காட்டும் கருவியே யாரிடமும் இல்லை.

கூடவே மருந்தின் குணமும் சேர்ந்துகொண்டது. 1936-இல் டென்மார்க்கில் ஹாகடார்ன் குழு இன்சுலினோடு புரோட்டமைன் சேர்த்து, மெதுவாக வேலை செய்யும் வகையைக் கண்டுபிடித்தது. 1950-களில் என்பிஹெச் என்ற நடுத்தர வேக இன்சுலின் பரவலானது. ஒரு ஊசியில் பாதி நாள் ஓடும், பெரிய நிம்மதி. ஆனால் இந்த இன்சுலின் போட்ட நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். காலை ஏழு மணிக்குப் போட்டால் கணக்குப் பண்ணுங்கள். பதினொரு மணி வாக்கில் ஏற ஆரம்பிக்கும். மதிய மணி அடிப்பதற்கு முந்தைய பீரியட். அந்த நேரத்தில் பிள்ளை ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை இறங்கும். கண் நிலைகுத்தும், போர்டில் இருப்பது மண்டையில் ஏறாது, கூப்பிட்டால் எரிந்து விழும். வாத்தியார் பார்வையில் அது "பராக்குப் பார்க்கிறான்", "திமிர்". இந்தியாவில் இரண்டு வேளை கலவை இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இன்றைக்கும் ஏராளம். அந்தக் கலவையில் பெரும்பங்கு இதே என்பிஹெச்தான். அவர்களுக்கு இது பழங்கதை இல்லை.

தாழ்சர்க்கரைதான் மூளையைக் கெடுக்கிறது என்று நம்பியதால் பெற்றோரும் பல டாக்டர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சின்னக் குழந்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியே இருக்கட்டும். 200, 250 இருந்தால் இருக்கட்டும், விழாமல் இருந்தால் போதும். அக்கா வீட்டிலும் அப்படித்தான் பல வருடம். தப்பு சொல்ல முடியாது, ராத்திரி ஒரு தடவை பிள்ளைக்கு வலிப்பு வந்ததைப் பார்த்தவள் அவள்.

இந்த நம்பிக்கையை ஆட்டியது அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த, டிசிசிடி என்ற பெரிய ஆய்வு. 1,441 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, பாதிப் பேருக்குச் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தும் சிகிச்சை. அதற்குள் வீட்டிலேயே விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் வந்துவிட்டது. கறார் சிகிச்சையில் விழித்திரைப் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதற்குக் கொடுத்த விலை: கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு. இவர்கள் மூளை என்ன ஆகும் என்று எல்லாரும் கவலையோடு காத்திருந்தார்கள். அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து, சுமார் 18 வருடப் பதிவுகளை வைத்து 2007-இல் முடிவு வெளியானது. அடிக்கடி தாழ்சர்க்கரை வந்தவர்களுக்கு அறிவுத்திறன் குறையவில்லை. லேசாகக் குறைந்திருந்தது யாருக்கு என்றால், நீண்டகாலம் சர்க்கரை ஏறியே இருந்தவர்களுக்கு, அதுவும் கைவேகம், செயல்வேகம் போன்றவற்றில்.

இதில் ஒரு பிடி இருக்கிறது. டிசிசிடியில் சேர்ந்தவர்கள் அனைவரும் 13 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வெளிச்சம் அடித்தது அமெரிக்கக் குழு ஒன்று 2015-இல் வெளியிட்ட ஆய்வு. நாலு முதல் பத்து வயதுக்குள் இருந்த 144 டைப் 1 குழந்தைகளையும் நோயில்லாத 72 குழந்தைகளையும் ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டு முறை மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நோயுள்ள குழந்தைகளின் மூளையில் சில பகுதிகள் சற்று மெதுவாக வளர்ந்திருந்தன. அந்த மெதுவான வளர்ச்சி ஒட்டிப்போனது உயர் சர்க்கரையோடு. அதே சமயம் அறிவுத்திறன் சோதனைகளில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆக, அறுபது வருடம் எந்தப் பக்கம் பார்த்துப் பயந்தோமோ, ஆபத்து அதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் நின்றிருக்கிறது. தாழ்சர்க்கரை சத்தம் போட்டுக்கொண்டு வரும். உயர் சர்க்கரைக்குச் சத்தமே கிடையாது. நடுராத்திரி வலிப்பை நம்மால் மறக்க முடியவில்லை, மதியம் முழுக்க 300-இல் உட்கார்ந்திருந்த வகுப்பு யாருக்கும் ஞாபகம் இல்லை.

இன்னொரு குற்றவாளியும் உண்டு. நோயே தெரியாமல் விட்டுவிட்டால் ரத்தம் அமிலமாகி, கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலையில் குழந்தையை ஐசியூவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 2014-இல் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு, அப்படி ஒரே ஒரு முறை வந்தாலும் ஆறு மாதம் கழித்தும் நினைவாற்றலிலும் கவனத்திலும் தடம் தெரிகிறது என்றது. இங்கே தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டிய இத்தாலியக் கதை ஒன்று இருக்கிறது. பார்மா நகரத்தில் 1991-இல் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். விஷயம் இவ்வளவுதான்: படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி போக ஆரம்பித்தால், அடிக்கடி தண்ணீர் கேட்டால், எடை இறங்கினால், உடனே சர்க்கரை பாருங்கள். அதற்கு முன் அந்தப் பகுதியில் புதிதாக நோய் தெரிந்த குழந்தைகளில் 78 சதவீதம் பேர் கீட்டோஅசிடோசிஸில்தான் வந்தார்கள். போஸ்டருக்குப் பிறகு அது 12.5 சதவீதமானது. மருந்து இல்லை, மெஷின் இல்லை, ஒரு காகிதம்.

கடைசியாக மார்க். ஐக்யூ சோதனை வேறு, பள்ளி மதிப்பெண் வேறு. அக்கா கேட்டதும் மார்க்கைப் பற்றித்தான். நாடு முழுக்க நோயாளிப் பதிவேடும் பள்ளிப் பதிவேடும் வைத்திருக்கும் நாடுகளில்தான் இதைச் சரியாகப் பார்க்க முடியும். 2007-இல் வந்த ஸ்வீடன் ஆய்வு, டைப் 1 பிள்ளைகளின் மதிப்பெண் சற்றே குறைவு என்றது. டென்மார்க்கில் 2019-இல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. அரசுப் பள்ளிகளில் படித்த 6,31,620 பிள்ளைகள், அவர்களில் 2,031 பேருக்கு டைப் 1. வாசிப்பும் கணக்கும் கம்ப்யூட்டரில் வைக்கும் தேசியத் தேர்வு, 100-க்கு. நோயில்லாதவர்களின் சராசரி 56.56. நோயுள்ளவர்களின் சராசரி 56.11.

இந்த இரண்டு எண்களையும் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மார்க்குக்கும் குறைவு. என் பையன் கணக்குப் பரீட்சையில் கூட்டல் தப்பினால் போகும் மார்க் அது.

ஆனால் டென்மார்க் டென்மார்க்தான். இன்சுலினுக்கு யாரும் நகையை அடகு வைப்பதில்லை, பள்ளியில் ஊசி போடக் கழிப்பறைக்கு ஒளிந்து போவதில்லை. வேல்ஸில் 2022-இல் வந்த ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. அங்கேயும் 16 வயதுத் தேர்வில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோயுள்ள பிள்ளைகள் வருடத்துக்கு எட்டு ஒன்பது அரைநாள் கூடுதலாகப் பள்ளிக்கு வரவில்லை, கல்லூரிக்குப் போனவர்களும் குறைவு. சர்க்கரையை நன்றாக வைத்திருந்தவர்கள் நோயில்லாதவர்களையே மிஞ்சினார்கள், கட்டுப்பாடு தவறியவர்கள் பின்தங்கினார்கள். அந்தக் கட்டுப்பாடு பிள்ளையின் ஒழுக்கத்தால் மட்டும் வருவதில்லை. வீட்டு வருமானம், அம்மாவுக்கு வேலைக்கு லீவு கிடைக்குமா, பள்ளியில் யாராவது கவனிப்பார்களா, எல்லாம் அதில் இருக்கிறது.

எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த ஆய்வு சின்னது. 2009-இல் லிண்டா கோன்டர்-ஃபிரெடரிக் குழு அமெரிக்காவில் செய்தது. 6 முதல் 11 வயதுவரை உள்ள டைப் 1 குழந்தைகள் 61 பேரிடம் ஒரு கையடக்கக் கருவியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில வாரங்கள், தினமும் பல முறை, முதலில் அதில் மனக்கணக்கு, அப்புறம் சர்க்கரை அளவு பார்ப்பது. ஆய்வகம் இல்லை, சாதாரண நாட்கள். சர்க்கரை 54-க்குக் கீழே போனாலும் வேகம் குறைந்தது, 400-க்கு மேலே போனாலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. ஆனால் விடைகள் தப்பாகவில்லை. சரியான விடைதான், வர நேரமாகிறது. சர்க்கரை சரியானதும் வேகமும் சரியாகிவிடும்.

இது மூளை கெட்டுப்போன கதை இல்லை. ரெண்டரை மணி நேரத்தில் எழுதி முடிக்கவேண்டிய பரீட்சையின் கதை.

அக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேன். 1961 ஆய்வையும் மறைக்கவில்லை. ஐந்து வயதுக்குள் வந்தவர்களிடம் சராசரியாகச் சின்ன வித்தியாசம் பார்த்திருக்கிறார்கள், அது சிறுநீரைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை பார்த்த காலம், சராசரி என்பது நம் பிள்ளை இல்லை, இப்போது கையில் சென்சார் இருக்கிறது, பயந்து 250-இல் வைக்கவேண்டியதில்லை, எவ்வளவு இறக்கலாம் என்று டாக்டரிடம் பேசு என்றேன். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதுக்குத்தான் மூணு வாரம் போனை எடுக்கலையா?" என்றாள்.

2017-இல் சிபிஎஸ்இ, டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, சாக்லேட், வாழைப்பழம், ஆப்பிள் மாதிரியான பழங்கள், சாண்ட்விச், தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம் என்று அனுமதி கொடுத்தது. 2023-இல் குழந்தைகள் உரிமைகளுக்கான தேசிய ஆணையம் இதே மாதிரி வசதிகளைச் செய்து தரச் சொல்லி மாநிலங்களுக்கும் எழுதியது. வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் விடவேண்டும் என்று அதில் இருக்கிறது. இரண்டையும் பிரின்ட் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் வகுப்பாசிரியையிடம் கொடுத்தாள், அவர் படித்துவிட்டுத் தானே தலைமையாசிரியையிடம் கூட்டிப்போனார். பதினொரு மணிக்கு ஒரு பிஸ்கெட், கூடவே ஒரு வாழைப்பழம், உடனே ஓகே. பரீட்சை நடுவில் சர்க்கரை விழுந்தால் அந்த நேரத்தைச் சேர்த்துக் கொடுப்பதற்கும் ஓகே.

சென்சாரைப் பற்றித்தான் கேள்வி வந்தது. கையில் ஒட்டியிருப்பது சின்ன வில்லை. அது காட்டும் எண்ணைப் படிக்க செல்போன் வேண்டும். தலைமையாசிரியை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இங்கே நான் விட்டுடுவேன்மா. பத்தாவது பப்ளிக்ல ஹாலுக்குள்ள போனை எப்படி விடுவாங்க?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. போன் இல்லாமல் தனி ரீடரில் படிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.